இருமல் கேட்காத ஐந்து வாரங்கள்

பதினைந்து வயதில் எனக்கு இருந்த ஒரே திறமை, படுத்த இடத்திலிருந்தே காணாமல் போவது. காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு உள்ளறையில், ஓடுகளுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் சாய்ந்து இறங்கும். அதில் பட்டுத் தூசி மிதக்கும். பக்கத்தில் நெபுலைசர் உர்ரென்று ஓடும். முன்னறையில் அம்மா தறியில் இருப்பாள். நான் பாயில் மல்லாந்து கிடந்து அந்தத் தூசியோடு கிளம்பிவிடுவேன். என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர், அங்கே ஒரு கல்லூரி, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிற ஒருத்தி. அவளுக்கு மூச்சு வாங்காது. அவள் நான்தான்.

எனக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டிப்படும். பிறக்கும்போதே கூட வந்த நோய். பெயர் வாயில் நுழையாததால் ஆரணியில் எங்கள் தெரு அதை டிபி என்றே முடிவு கட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போய்த் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டோடும் மாத்திரை. காலையும் மாலையும் உப்புத்தண்ணீர் மருந்தை நெபுலைசர் கிண்ணத்தில் ஊற்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, வரும் புகையை இருபது நிமிடம் இழுக்க வேண்டும். பிறகு அம்மா கையைக் குவித்து முதுகில் தட்டுவாள். தட்டத் தட்டச் சளி இளகி இருமலோடு வெளியே வரும். ஒரு வேளைகூட விடக்கூடாது. தீபாவளிக்கும் லீவு கிடையாது.

பத்தாம் வகுப்பு வந்ததும் எனக்கு வெறுத்துவிட்டது. செய்தால் குணமாகும் என்றால் செய்துவிடலாம். செய்தால் இன்னும் மோசமாகாது, அவ்வளவுதான் என்றார்கள். மோசமாகாமல் இருப்பதற்காக ஒருத்தி எத்தனை காலைகளைக் கொடுப்பாள்? முதலில் தட்டுவதை நிறுத்தினேன். "நானே பாத்துக்கறேன், நீ தறிக்குப் போம்மா" என்றேன். வளர்ந்த பெண்ணுக்குக் கூச்சம் என்று அவள் நினைத்திருப்பாள். அதுவும் உண்மைதான்.

அடுத்தது மருந்து. ஒரு திங்கட்கிழமை கிண்ணத்தில் எதையும் ஊற்றாமல் சுவிட்சைப் போட்டேன். குழாயைத் தரையில் வைத்துவிட்டுப் படுத்தேன். அப்பா பட்டுக்கடை வேலைக்குக் கிளம்பிப் போனார். அம்மாவின் தறி ஓடியது. இருபது நிமிடம் கழித்து எழுந்து மெஷினை நிறுத்தி, அன்றைய மருந்தைக் குளியலறையில் கொட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலையிலும் அதையே செய்தேன்.

வேடிக்கை என்னவென்றால், உடம்பு நன்றாக இருந்தது. இருமலைக் கிளப்புவதே அந்த உப்புத்தண்ணீர்தான். அது இல்லாததால் இருமலும் இல்லை. சளி உள்ளே சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? வீடு அமைதியாகிவிட்டது. அம்மா நெய்துகொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. ஐந்து வாரங்கள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான நாட்கள் அதற்கு முன் வந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆறாவது வாரம் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் காய்ச்சல். வேலூருக்குப் போனோம். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் பலத்தை அளந்தார்கள். அளவு ஏகத்துக்கும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தினமும் ரெண்டு வேளை மருந்து இழுக்கறியாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மெஷின் ஒரு நாளும் நிக்கலீங்க. ரெண்டு வேளையும் ஓடிகினு தான் இருந்திச்சி."

இரண்டு வாரம் படுக்கையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம், என் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்க, அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டே சொன்னாள். "காலி மெஷின ஓட்டறன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் தெரியாமல் எப்படி இருக்கும்? தறியில் ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவில் இழை தீர்ந்தால் அது ஓடுகிற சத்தம் லேசாகிவிடும். அம்மா குனிந்துகூடப் பார்க்காமல் தறியை நிறுத்துவாள். கிண்ணத்தில் மருந்து இருந்தால் நெபுலைசர் களகளக்கும், இல்லாவிட்டால் வெறும் காற்று. நெசவுக்காரி இருக்கிற வீட்டில் சத்தத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்த முட்டாள் நான்.

முட்டாளுக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஏம்மா கேக்கல? ரெண்டு அறை வுட்டிருக்கலாம்ல?"

"கேக்கறதுக்குத் தான் தறிய வுட்டு எழுந்து வந்தேன்" என்றாள். "கதவாண்ட வந்து பாத்தா, நீ மேல பாத்துகினு சிரிச்சிகினு படுத்திருக்க. இருமல் இல்ல. நோவே இல்லாத பொண்ணு மாதிரி இருந்த. நாளைக்கி கேக்கலாம், நாளைக்கி கேக்கலாம்னு தள்ளிகினே போயிட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்திச்சி."

சுளையை என் வாயில் வைத்தாள். அதற்கு மேல் அவளைக் கோபிக்க எனக்குத் தெம்பில்லை. என் கனவை வாசலில் நின்று அவளும் கண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மறுபடி ஊதினேன். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். டாக்டரம்மா நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இழந்ததில் பாதிதான் திரும்பியிருக்கிறது, மீதி இனி வராது, இருப்பதை விடாமல் காப்பாற்றிக்கொள் என்று நிதானமாகச் சொன்னார். அன்று முதல் நான் ஒரு வேளைகூட விட்டதில்லை. மருந்து ஊற்றித்தான் ஓட்டுகிறேன்.

வெளியே வந்தபோது அம்மா மருந்துப் பையோடு வராந்தாவில் நின்றிருந்தாள். "பழயபடி ஆயிடுச்சாமா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சிம்மா. எல்லாம் வந்துடுச்சி."

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வராமல் போன பாதியைப் பற்றி இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.