குதிரைகளின் வழியே மூன்று பெண்கள்

குதிரை மேய்க்கும் எங்கள் புல்வெளி நாட்டில் ஆண்பிள்ளை என்றால் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். புற்றுநோய் எந்தக் குடும்பத்து ரத்தத்தில் இறங்கி வருகிறதென்று ஆராய்கிறவர்களுக்காக, ஊசியும் படிவமுமாகப் பதினோரு வருடம் வீடு வீடாக அலைந்த நர்ஸ் கலம்பிர் இந்த ஞானத்தை மிகவும் மதித்தாள். ஏழு பேரும் ஆண்கள் என்பதுதான் சின்னக் குறை.

சபர்காலி கிழவர் வீட்டுக்கு அவள் போன காலையில் பனிமூட்டம். வாசலில் குதிரைகள் காலில்லாமல் மிதந்தன. கிழவரின் மகள் மக்பால் தேநீர் ஊற்றினாள், கை நடுங்கியது. போன வசந்தத்தில்தான் அவளுடைய அத்தை, கிழவரின் தங்கை, நாற்பத்தெட்டு வயதில், மார்பில் கட்டி வந்து போனாள். அப்பா வழியில் ஐம்பதுக்குள் அப்படிப் போனவர்கள் மூன்று பேர் தேறினால் மக்பாலுக்கு மரபணுச் சோதனை. தேறாவிட்டால் இல்லை.

"உங்க அம்மா எந்த வயசுல போனாங்க, பெரியப்பா?" என்று கேட்டாள் கலம்பிர்.

"பொம்பளைங்க வயசை எவன் கணக்கு வச்சான்? எங்க கொள்ளுத்தாத்தா கதை வேணுமா, சொல்றேன்."

"அவருக்கா மார்ல கட்டி வந்துச்சு?"

கிழவர் பனியைப் பார்த்தார். "அம்மா போய் ஒரு வருஷம் ஆனப்ப வச்ச விருந்துக்குச் சாம்பல் குதிரைய அறுத்தோம். நல்ல குதிரை."

கலம்பிர் பேனாவைத் திறந்தாள். "அது எப்பப் பொறந்துச்சு?"

"நான் பட்டாளத்துலேருந்து வந்த வருஷம். அப்ப எனக்கு இருபது. அறுக்கறப்ப அதுக்கு நாலு வயசு."

"உங்கள எப்பப் பெத்தாங்க?"

"அவங்களுக்குப் பதினெட்டுல கல்யாணம். மறுவருஷமே நான்."

பத்தொன்பதும் இருபத்துநாலும் நாற்பத்துமூன்று, விருந்துக்கு முந்திய ஒரு வருஷத்தைக் கழித்தால் நாற்பத்திரண்டு. குதிரையின் வயதைப் பல்லில் பார்ப்பார்கள். பெண்ணின் வயதைக் குதிரையில் பார்த்தவள் எங்கள் கலம்பிர்தான். அம்மாவின் தங்கைக்கு அறுத்தது சாம்பல் குதிரையின் தங்கையை. அதே கணக்கில் அவளுக்கு முப்பத்தொன்பது.

"ரெண்டு பேருக்கும் கெட்ட நோய்தான்," என்றார் கிழவர் தணிந்த குரலில். "சட்டைக்குள்ள மார்ல துணி வச்சுக் கட்டியிருப்பாங்க. நான் பாக்காத மாதிரி இருப்பேன்."

"மூணு தேறிடுச்சு. அவங்ககிட்டேருந்து இவகிட்ட வரணும்னா உங்க வழியாத்தான் வரணும், பெரியப்பா. உங்க ரத்தமும் வேணும்."

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணாமலே கூட வந்திருக்கலாம்."

வெளியே ஒரு குதிரை கனைத்தது. மக்பால் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தாள்.

"முதல்ல எனக்கு எடு," என்றார் சபர்காலி. "அவ கை நடுங்குது."

அவர் கையும் நடுங்கியது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் கலம்பிர் எழுதவில்லை.