பூசணிக்காயும் காப்புறுதியும்

வெள்ளவத்தையில் அண்ணனும் நானும் சேர்ந்து புடவைக்கடை திறந்தபோது, கடைக்கு வருகிறவர்களுக்கு அடிகிடி பட்டால் பொறுப்பேற்கிற காப்புறுதி ஒன்றை நான் பிடிவாதமாக எடுத்தேன். அண்ணனுக்கு அது வீண் செலவு. “வெள்ளிக்கிழமையில வாசல்ல நீத்துப்பூசணி உடைக்கிறன். அதுக்கு மேல என்ன காப்புறுதி?” என்று வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் உடைத்த பூசணித் துண்டிலேயே கால் வழுக்கி, மகளுக்குக் கல்யாணக் கூறை எடுக்க வந்த ஓர் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. கூட வந்த மகன் வழக்குப் போடுவேன் என்று நின்றார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் காப்புறுதி இருக்குத்தானே?”

“ஓம், இருக்கு.”

படிவத்தில் விபத்துக்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில், ‘கடை வாசலில் உடைத்த பூசணிக்காய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு அண்ணனிடமே நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு போட்டார்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் காப்புறுதிக் கம்பனியே கட்டியது. அந்த அம்மா கூறையையும் எங்களிடமே எடுத்தார்.

பூசணிக்காய் இன்னும் உடைகிறது. உடைத்த கையோடு வாசலைக் கூட்டுவதும் அண்ணன்தான். இந்த வருடம் புதுப்பித்த காப்புறுதிப் பத்திரத்தைச் சாமிப்படத்தடியில் வைத்து, சந்தனப் பொட்டு வைத்ததும் அவர்தான்.