அம்மா செல்ஃப் மோட்டார் மாட்டிய தீபாவளி

அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு மலர் போடுவதென்று முடிவானதும் கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான். "எம்புட்டுத் தைரியசாலி, ஊருக்குள்ள ஜீப் ஓட்டுன பொம்பள, அத எழுது." எழுத உட்கார்ந்தபோது என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. எங்கள் அம்மா பயந்த சுபாவம் உள்ளவர். இடி இடித்தால் வெண்கலப் பாத்திரங்களை எடுத்து உள்ளே வைப்பார். விடுதியிலிருந்து தம்பி வரும் நாளில் பஸ் செத்த நேரம் பிந்தினாலும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றையும் பயந்து பயந்துதான் செய்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் அதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மகாராஜபுரத்தில், விவசாயக் குடும்பத்தில். அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபோது அப்பா பருத்தி அரைக்கும் ஜின்னிங் மில்லில் வேலையில் இருந்தார். தினமும் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வீட்டுக்கு வருவார். அந்தப் பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மில் வேலையை விட்டால்தான் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அப்பா ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினார். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியைப் பொதிகளாக ஏற்றி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். சில வருடங்கள் ஓடியது. பிறகு கிளட்ச்சை மிதித்தாலே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர்கள் நிலைக்கவில்லை. வேறு வழி இல்லாமல் அம்மா செட்டியார்பட்டி ரோட்டில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தார். எதிரே லாரி வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "ஆத்தா, காளியாத்தா" என்பார். ஆனால் வண்டியைத் தன் பக்கம் விட்டு விலக்க மாட்டார்.

நான் சொல்ல வருவது எண்பதுகளின் கடைசியில் ஒரு தீபாவளி. எங்கள் வீட்டில் தீபாவளி என்றாலே பயம்தான். வெடிப்புகை வந்தால் அப்பாவுக்கு இளைப்பு கூடிவிடும். கதவு ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழைய சேலையை அடைத்துவிட்டு, நல்லபடியாக விடிந்தால் போதும் என்று இருப்போம். அவசரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். அதற்கு இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான்.

அந்த வருடம் ஜீப்பின் செல்ஃப் மோட்டார் கெட்டுப்போயிருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டார் அது. முதலில் சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், மறுபடி திருப்பினால் பிடித்துக்கொள்ளும். பிறகு அடியில் குனிந்து சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. புரட்டாசி முடிவதற்குள் அதற்கும் மசியவில்லை. காலையில் அடுத்த வீட்டுத் தங்கராஜ் அண்ணனும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும் வந்து தள்ளிவிட்டால்தான் வண்டி கிளம்பும். சரக்கு இறக்கும் இடத்தில் அம்மா எஞ்சினை அணைக்கவே மாட்டார்.

"தள்ளச் சொல்லுறது கூட இருக்கட்டும். தீவாளியன்னைக்கு எல்லாரும் எங்கயாச்சும் கெளம்பிப் போயிட்டா என்னங்க செய்யிறது?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இரவில் தூங்கவில்லை என்பது காலையில் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு மோட்டார் கடையில் வேறொரு பழைய மோட்டாருக்குப் புதிதாகச் செம்புச் சுருள் கட்டித் தரச் சொல்லியிருந்தோம். கடைக்காரர் அதைக் கொடுத்தபோது, மாட்டிக் கொடுக்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டான், தீபாவளி கழிந்துதான் வருவான் என்றார். அம்மா மோட்டாரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

"நீங்க சொல்லுங்க, நான் மாட்டுதேன்" என்றார் அப்பாவிடம்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, அது என்ன மாவாட்டுற வேலையா? கனம் என்ன கனம் தெரியுமா? மேல விழுந்துச்சுன்னா?"

"விழாமப் புடிச்சுக்கிடுதேன். நாளைக்கு வெடிப் புகையில ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

அப்பா வயர் பின்னிய நாற்காலியை வாசலில் போடச் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு ஆன பிறகு வேலை தொடங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் கல் அண்டை கொடுத்தோம். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, கொண்டையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் வண்டிக்குப் பக்கத்தில் படுத்து டார்ச் அடித்தேன்.

"மொதல்ல பேட்டரியில எர்த் வயரக் கழட்டு. அதக் கழட்டாம உள்ள கைய விட்டுராத" என்றார் அப்பா.

"கழட்டிட்டேங்க."

"கழட்டுனது எதுலயும் ஒரசக் கூடாது. தள்ளி வையி. இப்ப கீழ போ. தடியா ஒரு வயரு வருதா?"

அம்மா அடியில் நுழைந்தார். தடித்த வயர் வந்தது, சின்ன வயர் வந்தது. கீழ் போல்ட்டும் சிரமமில்லாமல் கழன்றது. மேல் போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் ஸ்பேனரின் வாலில் ஒரு துண்டு இரும்புக் குழாயைச் செருகி, காலை வண்டிச் சட்டத்தில் உதைத்துக்கொண்டு அம்மா இழுத்தார். போல்ட் கிரீச்சென்று இளகியது.

"இனிமே ஒரு கையால மோட்டாரத் தாங்கிக்கோ. பைய... பைய..." என்றார் அப்பா.

மோட்டார் ஒரேயடியாக இறங்கி அம்மாவின் முன்கையில் விழுந்தது. "அம்மா!" என்று நான் கத்தினேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றபடி அவர் அதை உருட்டி வெளியே தள்ளினார். கை கன்றிப்போயிருந்தது. புது மோட்டாரை எடுக்கக் கையை நீட்டிய அந்த நேரத்தில்தான் பின் தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். வெடித்து முடிந்ததும் புகை சந்துக்குள் புகுந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தது.

"அடுத்து எந்த போல்ட்டுங்க?" என்று அம்மா அடியிலிருந்து கேட்டார். பதில் வரவில்லை. "ஏங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. விசில் ஊதுவது போன்ற அந்தச் சத்தம் வரத் தொடங்கியிருந்தது.

அம்மா எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது. மூச்சு பம்ப்பை எடுத்து வந்து வாயில் அடித்தார். மறுபடி அடித்தார். இளைப்பு தணியவில்லை, உதடு நிறம் மாறியது. "ஆட்டோ பாரு, ஓடு" என்றார் என்னிடம். ரோட்டு முனை வரை ஓடினேன். பண்டிகைக் கூட்டத்தில் காலியாக ஒரு வண்டியும் இல்லை. திரும்பி வந்தால் அம்மா நடுவாசலில் நிற்கிறார், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மோட்டார் இல்லாத ஜீப். "பாவி நான், ஓடிக்கிட்டிருந்த வண்டியக் கழட்டிப் போட்டுட்டேனே" என்று அழுதார்.

அப்பா தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார். "மோட்டாரு... வேண்டாம். தள்ளு... ஓடும்."

"பேட்டரி வயரும் கழட்டிக் கெடக்கேங்க!"

"டீசலு... கரண்டு... வேண்டாம்... தள்ளு."

எஸ்தர் அக்கா அதற்குள் ஓடி வந்திருந்தார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே வந்தது. பலகாரம் சுட்ட கையோடு வந்தவர்களும் உண்டு. தங்கராஜ் அண்ணன் அப்பாவைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கற்களை எடுத்ததும் எல்லோரும் தள்ளினார்கள். அம்மா இரண்டாம் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. "இன்னொருக்க!" என்று கத்தினார் தங்கராஜ் அண்ணன். அடுத்த முறை எஞ்சின் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் பேட்டரி வயர் மாட்டாததால் ஹாரனும் இல்லை என்பது உறைத்தது. கடைத்தெரு முழுக்க ஜனம். நான் வெளியே தலையை நீட்டி "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தேன். அம்மா வாய்க்குள் காளியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் மூச்சு விட்டோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

எஞ்சின் நின்றுவிட்டால் தள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தார். அப்பா முன் பலகையில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தார். எஞ்சின் இரைச்சலில் அவர் இளைக்கிற சத்தம் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. "முதுகுல கை வச்சுப் பாரு. ஏறி எறங்குதா? பாத்துச் சொல்லிக்கிட்டே இரு" என்றார் அம்மா, கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏறுதும்மா. எறங்குதும்மா."

ரயில் போகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் ஆக்சிஜன் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டார். ஊசி போட்டார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது, அப்பாவின் தோள்கள் மெல்ல அடங்கின. கண்ணைத் திறந்து ஆக்சிஜன் மூடியைச் சற்று விலக்கி அம்மாவிடம் முதலில் கேட்டது இதுதான்:

"வண்டிய ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்லங்க. ஓடிக்கிட்டுத்தான் கெடக்கு. மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டா?"

அப்பா சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா வெளியே போனார். வாட்ச்மேன் புகைக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றும் பேசாமல், நிறுத்தும் குமிழை இழுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து வெகுநேரம் அழுதார். எண்ணெய்க் கறையோடு, அப்பாவின் சட்டையோடு.

தீபாவளியை ஆஸ்பத்திரியில் கழித்தோம். அப்பா வீடு திரும்பிய பிறகு, மாட்டுகிற ஆள் ஊரிலிருந்து வந்துவிட்டான் என்று தகவல் வந்தது. அம்மா கேட்கவில்லை. "கழட்டுனது நான்தான, நானே மாட்டுதேன்" என்றார். மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற பழைய சத்தமே வந்தது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. அப்பா கட்டிலில் கிடந்தபடி, "எர்த்த இறுக்குனியா?" என்றார். போய்ப் பார்த்தால் அது தொளதொளவென்று இருந்தது. இறுக்கிவிட்டுத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. எஸ்தர் அக்கா கைதட்டினார். அம்மா மட்டும் உடனே அணைத்தார், திருப்பினார், மறுபடி அணைத்தார். நம்பிக்கை வருகிற வரை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

அதன் பிறகும் பல வருடங்கள் அந்த ஜீப்பை ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார், எனக்குக் கல்யாணம் செய்தார். அப்பாவின் மூச்சுக்கே காவல் இருந்ததில் தன் நெஞ்சை அவர் கவனிக்கவில்லை. எரிச்சல், வாய்வு என்று சொல்லிச் சுக்கு வெந்நீர் குடித்தார். சென்ற ஆண்டு மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. நாங்கள் எல்லோரும் எந்நேரமும் அப்பாவை நினைத்துத்தான் அஞ்சிக்கொண்டிருந்தோம். போனது அம்மா.

கடைசி நாட்களில் அப்பா ஆஸ்பத்திரி மாடிப்படிகளில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறி வந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொள்வார். "பயமா இருக்குங்க" என்று அம்மா ஒரு நாள் சொன்னார். "நான் இங்ஙனதான இருக்கேன்" என்றார் அப்பா. மறுநாள் பிற்பகலில், அவர் கை அம்மாவின் கையில் இருக்கும்போதே முடிந்தது.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மதுரை மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் துணையிருந்த எஸ்தர் அக்காவுக்கும், மகாராஜபுரத்திலிருந்து வந்து எல்லாச் சடங்குகளையும் முன்நின்று நடத்திய மாமாமாருக்கும், அப்பாவின் தம்பி மனைவியான சேத்தூர்ச் சித்திக்கும், தோளில் சுமந்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அப்பாவைக் காப்பாற்றிய நர்சின் பெயரைக் கேட்டு வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் நன்றி போட்டுட்ட. நான் அவளுக்கு ஒரு நாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்கும் ஒரு வரி போடு" என்றார்.

"என்னன்னு போடணும்ப்பா?"



"அவ இருந்த வரைக்கும் நான் நல்லா இருந்தேன்னு போடு."