கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

என் மகளுக்குக் காது கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. ஒரு தீபாவளிக்கு வாசலிலேயே அணுகுண்டு வெடித்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் தூக்கம் கலையவில்லை. பிள்ளைக்கு எம்புட்டுத் தைரியம் பார் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்து தொட்டிலுக்குப் பின்னால் ஓங்கிப் போட்டாள். பிள்ளை அசையவில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். மிஷின் வரிசைகளுக்கு நடுவே நாளெல்லாம் நடந்து, அறுந்துபோகிற நூலை ஒட்டிவிடுகிற வேலை. அங்கே இருந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே மதுரை டாக்டர் பிள்ளையைச் சோதித்துவிட்டு இனி கேட்காது என்று சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“சார், எங்க மில்லுச் சத்தம் எங்கிட்டருந்து பிள்ளைக்குப் போயிருக்குமோ?”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பயம்தான் முழுநேர வேலை. எங்கள் வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. பஞ்சு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நடக்கக் கற்றுக்கொண்டவள் வாசலைத் தாண்டினால் யார் கூப்பிட்டு நிறுத்துவது? மிஷினுக்கு முன்னால் நிற்கும்போது லாரி சக்கரம்தான் கண்ணில் தெரியும். என் அக்கா வந்து வசம்பை உரசி நாக்கில் தடவினாள், வேண்டுதல் வைத்தாள், எங்கள் இருவரின் ஜாதகத்தையும் ஏசினாள். என் மனைவி ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

“நாம போன பொறவு இவ யாருட்டங்க பேசுவா?”

நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவேன்.

ஒரு நாள் மாலை மில் கேட்டுக்கு எதிரே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேன். ரோட்டின் அந்தப் பக்கம் என் ஷிப்டுக்காரர் ஒருவர். நடுவே பஸ் போகிறது, சைக்கிள் போகிறது. நாங்கள் வழக்கம்போலக் கையால் பேசிக்கொண்டோம். மில்லுக்குள் வாய் உதவாது என்பதால் எங்கள் எல்லோருக்கும் கைப்பேச்சு உண்டு. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உதட்டைக் குவித்து ஊதினால் டீ. சுற்றுவட்டார மில்களில் எல்லாம் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். யாரும் சொல்லித்தந்ததில்லை, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும். தோளில் இருந்தவள் குலுங்கிச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் குவித்து எதிர்ப்பக்கம் பார்த்து ஊதிக்கொண்டிருந்தாள். அவர் அங்கிருந்தே ஊதினார். இவள் மறுபடி ஊதினாள்.

நடு ரோடென்றும் பாராமல் அழுதேன்.

அன்று தொடங்கி வீட்டில் நாங்கள் மில் பேச்சுத்தான் பேசினோம். போதாததை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். “ஊமைப் பாசையப் பழக்குனா வாய்ப்பேச்சு எப்படிலே வரும்?” என்று அக்கா சண்டை போட்டாள். பள்ளிக்கூடத்தில், பேச்சு வரட்டும், பிறகு கூட்டி வாருங்கள் என்றார்கள். வீட்டுக்குள் அவள் வாயாடி, கையாடி என்று சொல்லலாம். வாசலுக்கு வெளியே? என் பயம் இம்மியும் குறையவில்லை. பேசத் தெரிந்த பிள்ளையை ஊமை ஊருக்குள் அனுப்புவது எப்படி என்பது புதிய பயமாகச் சேர்ந்துகொண்டது.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனோம். மனைவியின் வேண்டுதல். எனக்கு விருப்பமில்லை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து கையை விடாதே, கையை விடாதே என்று முனகிக்கொண்டே வந்தேன். அந்தத் தேர் லேசில் அசையாது. நின்றால் நின்றதுதான். வெகுநேரம் நின்ற தேர் திடீரென்று நகர, வடம் பிடித்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். கூட்டம் விலகியபோது மனைவியின் கையில் பிள்ளை இல்லை.

கூப்பிட வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது? மனைவி மைக்குக்காரரிடம் ஓடினாள். “பச்சைப் பாவாடை போட்ட பாப்பா, எங்கிருந்தாலும் மேடைக்கு வாம்மா” என்று அவர் ரத வீதி அதிரக் கூப்பிட்டார். காது கேட்காத பிள்ளையை மைக்கில் கூப்பிடுகிற கொடுமையை நான் என்னவென்று சொல்வது!

சர்பத் கடை பெஞ்சில் ஏறினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மில்லில் தூரத்து ஆளைக் கூப்பிடுவதைப் போல வட்டமாகச் சுழற்றினேன். பிறகு இடுப்பளவு உயரம் காட்டினேன். ரெட்டைச் சடை காட்டினேன். காதைத் தொட்டுக் கையை விரித்தேன். மறுபடி முதலிலிருந்து. “சாமி வந்துருச்சு, தண்ணியத் தெளிங்க” என்றாள் ஒருத்தி. யாரோ தெளித்தும் விட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து, எங்கே என்று கேட்டது. யாரென்றே தெரியாத ஆள். தெரியவில்லை என்று காட்டினேன். அவர் திரும்பி நின்று, நான் காட்டியதையெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக் காட்டினார். அவருக்கும் அப்பால் இன்னொருவர். தேர் பார்க்க லீவு போட்டு வந்த மில்காரர்கள் அந்த வீதி நெடுகக் கலந்து நின்றிருக்கிறார்கள், எனக்குத்தான் அதுவரை தோன்றவில்லை. தலைகளுக்கு மேலே கைகள் எழுந்து எழுந்து வீதி முனைவரை போயின. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. முதலில் கேட்டவர் என்னைப் பார்த்து உதட்டைக் குவித்து ஊதினார்.

டீ. டீக்கடை.

மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினேன். முனைக் கடை பெஞ்சில் பால் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு நரைத்த ஆள்.

“நமக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் மில்லுங்க” என்றார் அவர். “தனியா நின்னுச்சு. என்னன்னு கையக் காட்டுனேன், பிள்ளை படபடன்னு பேச ஆரம்பிச்சிருச்சு. இன்னும் நிறுத்தலைங்க!”

தொலைந்துபோனோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பூனை குட்டி போட்ட கதையை இரண்டு கையாலும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார், இடையில் எத்தனை குட்டி என்று கையாலேயே விசாரித்தார். என் மனைவி அழுதுகொண்டே அவளை வாரி எடுக்கக் குனிந்தாள்.

மகள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளங்கையை எங்கள் பக்கம் விரித்துக் காட்டினாள். மிஷின் ஓடும்போது வேலையை விட்டு வர முடியாதவன் காட்டுவது அது. செத்த நேரம் பொறு, பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் அவள் பேசி முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தோம்.