நடிகையின் கடிதத்தை லமினேட் பண்ணிய கதை

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசையில் கிடந்த நடிகை பளபளவென்று மின்னினாள்.

நடிகை என்றால்... அவள் கையெழுத்திட்ட கடிதம். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் மேடையைக் கலக்கியவள். 'தொண்டை கட்டிவிட்டது, இன்று நடிக்க மாட்டேன்' என்று நாடக முதலாளிக்கு எழுதிய ஒற்றைத் தாள். அந்தக் காலத்து எழுத்தாளர்கள், நடிகர்களின் கடிதங்களைப் பழைய பொருள் சந்தைகளில் தேடிப் பொறுக்குவது என் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் வேறு எந்தத் தமிழனுக்கும் இந்த நோய் இல்லை.

மறுநாள் லண்டனில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவதாக இருந்தது. நடிகையைக் கொடுத்தால், பதிலுக்கு ஒரு நாவலாசிரியரின் கடிதம் தருவார். ஆறு வருடமாக நான் துரத்திய கடிதம் அது. அதற்காகத்தான் ஆல்பத்தில் இருந்து இதை வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

"என்னப்பா இது?" என்றேன் மனைவியிடம்.

"லமினேற் பண்ணுவிச்சனான். முக்கியமான கடுதாசி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக். உரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். சேகரிப்பவர்களைப் பொறுத்தவரை கடிதம் செத்துவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களைக் குறை சொல்ல முடியுமா? அகதியாக வந்து, பிரெஞ்சில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லப் பழகுமுன்பே விசாப் பேப்பரை லமினேட் பண்ணப் பழகியவர்கள்.

இந்த ஞானம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. கத்தினேன். உமக்கு மூளை இருக்கோ என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "என்ரை அகதி வழக்குக்கு ஊரிலை இருந்து விதானையாரின்ரை கடிதம் ஒண்டு எடுப்பிச்சனான். இங்கை அகதி ஒஃபிஸ் வாசல் லைனிலை நிக்கேக்கை மழையிலை நனைஞ்சு போச்சு. கையெழுத்து இல்லை எண்டு திருப்பி விட்டிட்டாங்கள். பிறகு ரெண்டு வருசம் பேப்பர் இல்லாமல் ஒளிச்சுத் திரிஞ்சனான்."

"ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

பன்னிரண்டு வருடக் குடித்தனம். முன்பின் தெரியாத ஆட்களின் கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கிறவன் நான். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை வெள்ளைக்காரர் வந்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். நாவலாசிரியரும் அவருடனேயே ரயிலேறிவிட்டார்.

பிறகு, ஊர்க் கிராம அதிகாரியான விதானையார் கொடுத்து மழையில் நனைந்த அந்தக் கடிதத்தை மனைவியிடம் கேட்டு வாங்கினேன். அதையும் லமினேட் பண்ணித்தான் வைத்திருந்தாள். கையெழுத்து இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை மட்டும்.

என் ஆல்பத்தில் கையெழுத்து இல்லாத கடிதம் அது ஒன்றுதான்... முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.