பூட்டிக் கிடக்கும் கைத்தொலைபேசி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதக் காலையில், சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இரண்டு மாடி கீழே நடந்தது இது.

நான் ஓய்வுபெற்ற பொறியாளர். மலிவு விலை வைஃபை ரௌட்டர்களில் நிறுவனம் போட்டுக் கொடுத்த மென்பொருளை நீக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளை ஏற்றுவது என் பொழுதுபோக்கு. பழைய பெட்டி புதிதுபோல் ஓடும். அக்கம்பக்கத்தில் பலருக்குச் செய்து கொடுத்து, பாராட்டும் காப்பியும் வாங்கிப் பழகியிருந்தேன்.

கீழ்வீட்டுப் பெண்மணியின் ஒரே மகன் அதற்கு முந்தைய ஆண்டு சாலை விபத்தில் இறந்துபோனான். தேக்கா கடைத்தெருவில் அவன் வாங்கி வந்து மாட்டிய ரௌட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்றார். அதைத் தூக்கிப் போட அவருக்கு மனமில்லை. மடிக்கணினியுடன் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, புள்ள மாட்டுன பெட்டி. குடல உருவிடாதீங்க லா" என்று சிரித்தார். பிறகு, மகனின் படத்தருகே சார்ஜில் இருந்த அவனுடைய கைத்தொலைபேசியைக் காட்டி, "இதுக்கும் லைன் வரணும்ணே" என்றார்.

"எல்லாத்துக்கும் வரும்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

புது மென்பொருள் ஏறும்போது பழைய அமைப்புகள் அழிந்துவிடும். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் குறித்துக்கொண்டு அதையே திரும்பப் போட்டால், வீட்டிலுள்ள கருவிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பழையதைக் குறித்துக்கொள்ளாமல், கடினமான புதுக் கடவுச்சொல்தான் நல்லது என்று நானே ஒன்று வைத்தேன். அவர் கைத்தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் பதிந்திருந்த பழையதை, குழப்பம் வேண்டாமென்று அழித்தேன். மகனுடையது பூட்டியிருந்தது, திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அதை அப்படியே விட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பையனோட பிரெண்ட்ஸ் மறந்துட்டாங்க போலண்ணே. பர்த்டேக்கு ஒரு மெசேஜ்கூட இல்ல. போன வருஷம் அன்னிக்கு முழுக்க போன் மின்னிக்கிட்டே இருந்துச்சு. சின்னப் பசங்க, குத்தம் சொல்ல முடியுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகன் இறந்து சிம்மை நிறுத்திய பிறகு அந்தக் கைத்தொலைபேசிக்கு வைஃபை மட்டுமே வழி. பூட்டிய திரையில் வந்து விழும் வரிகளைத்தான் அவர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வழியை அடைத்தவன் நான். அவர்கள் மறக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப, அனுப்பிக்கிட்டுதான் இருக்காங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தில் ஒரு நொடி வந்த வெளிச்சத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வைஃபையின் பெயர் அவருக்கு நினைவிருந்தது, மகனின் செல்லப்பெயர். கடவுச்சொல்தான் தெரியாது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். அவன் படித்த பள்ளி, மோட்டார் சைக்கிள் எண், பிடித்த காற்பந்துக் குழு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அதை ரௌட்டரில் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்கிறேன். ரௌட்டர் விளக்கு எரிந்ததும், படத்தருகே இருக்கும் அந்தத் திரையையே பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருப்போம். அது இதுவரை மின்னவில்லை.

"இதுக்கும் லைன் வரணும்" என்றபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை படித்தும் அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இந்த வயதில் என்னை விட்டுப் போகாத துயரம்.