ஹைதராபாத்துக்கு ரத்தம் கொடுக்கப் போன கதை

போன மாதம் ஹைதராபாத் போனது பிரியாணி சாப்பிட அல்ல, ரத்தம் கொடுக்க. நானும் மாதவனும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர். முகம், வழுக்கை எல்லாம் ஒன்றேதான். ஆனால் சிகரெட்டையே தொடாத அவனுக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட். நாற்பது வருடம் ஊதித் தள்ளிய எனக்கு ஒன்றுமில்லை. இது ஏன் என்று உப்பல் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். இருவரும் ஒரே நாளில் வர வேண்டும் என்றார்கள்.

மாலை ஆறு மணிக்குச் சென்னையில் ஏறினேன். காலை ஏழரைக்குச் செகந்திராபாத். அறுபது தாண்டியவர்கள் ஸ்லீப்பர் வகுப்பில் போகாதீர்கள்; எனக்கு இடுப்பே கழன்றுவிட்டது. ஹைதராபாத்திலேயே குடியிருக்கும் மாதவன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். உப்பலுக்கு மெட்ரோ உண்டு, படியேறத்தான் தெம்பில்லை. ஆட்டோவில் 220 ரூபாய். மீட்டர் போடச் சொன்னால் ஓட்டுநர், "நக்கோ சாப்", அதாவது அதெல்லாம் வேண்டாம் ஐயா, என்று முடித்துவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஓர் இளம் ஆய்வாளர், சமீபத்தில் தடுப்பூசி ஏதும் போட்டோமா என்று கேட்டார். நேற்றுதான் போட்டேன் என்றான் மாதவன், பெருமையாக. பாலாநகரில் விமான எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின நாளே எல்லாம் சரிசெய்துவிட்டு நிற்கும் கூட்டம் அது. சளி, காய்ச்சலோடு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். ஐயா முன்னெச்சரிக்கையாக ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆய்வாளர் ஊசிக்குழலைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளை அணுக்களில் எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லையாம். விளக்கு மாதிரி சில அணைந்திருக்கும், சில எரியும். அணைந்திருக்க வேண்டியது எரிந்தால், அந்த அணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து கொழுப்பைத் தின்று வீங்கி, அங்கேயே தங்கிவிடக்கூடுமாம். எங்கள் மரபணுக்கள் ஒன்றுதான். எரிவதிலும் அணைவதிலும் வித்தியாசம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தடுப்பூசியும் அந்த அணுக்களைத்தான் உசுப்பிவிடும். இன்று எடுத்தால் ஊசியின் வேலை எது, நோயின் வேலை எது என்று பிரிக்க முடியாது. ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் மாதவன் அவரிடம், "அப்போ அடைப்பு வந்ததுக்கு நான் சாப்பிட்டது காரணம் இல்லையா மேடம்?" என்று கேட்டான். இப்போது சொல்ல முடியாது, அதைத்தான் தேடுகிறோம் என்றார் அவர்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

"எல்லாரும் நான் என்ன தப்புப் பண்ணினேன்னுதான்டா கேக்கறாங்க" என்றான். "இவங்கதான் என்னை விட்டுட்டு என் ரத்தத்தைக் கேக்கறாங்க. இன்னொரு தடவை வருவியா?"

இப்படி ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள், மாத்திரையோ ஊசியோ எதுவானாலும் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். கூட வருபவரையும் கேட்கச் சொல்லுங்கள். திரும்பும் ரயிலில் கால் நீட்டக்கூட இடமில்லை. உட்கார்ந்தபடியே அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போட்டேன். இந்த முறை ஏசி.